பூஜ்யம் புள்ளி ஒன்பது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் இசக்கியம்மாள் நிற்கிறாள். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டுத் தனியாகவே வந்துவிட்டாள். இருபத்தேழு வயது, பிறவியிலேயே பார்வை இல்லை, பி.எட். படிக்கிறாள். நான்கு வருடமாக எங்கள் 'செவிவழி'யைப் பயன்படுத்துகிறவள். போனில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

செவிவழி பற்றி இந்த நோட்டில் நான் எழுதியதே இல்லை போலிருக்கிறது. கணினித் திரையில் இருக்கும் தமிழை வாசித்துச் சொல்லும் நிரல் அது. ஏழு வருடத்துக்கு முன் நானும் சபாபதி அண்ணாச்சியும் தொடங்கினோம். நான் பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகப் பயிற்றுநர். அண்ணாச்சி வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர், அவருக்கும் பார்வை கிடையாது. யாருக்கும் சம்பளம் இல்லை, ஓய்வு நேரத்தில் செய்வதுதான். நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், வெளியிடலாம். இப்போது குழுவில் பெயரளவில் ஏழு பேர். அண்ணாச்சி மூன்று வருடமாகக் குழுவில் இல்லை. வேலைப்பளு.

இசக்கி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய கல்லூரி முதல்வர் எழுதியது. நவம்பர் 17-இல் தொடங்கும் தேர்வை உதவியாளர் இல்லாமல் கணினியில் தானே எழுத அனுமதிக்கலாம். ஆனால் அந்த நிரல் 'நிலையான பதிப்பாக' இருக்க வேண்டும், அக்டோபர் 31-க்குள் அதைக் காட்ட வேண்டும்.

எங்கள் இணையப் பக்கத்தின் உச்சியில் இப்படி இருக்கிறது: 'இது சோதனைப் பதிப்பு 0.9. முக்கியமான வேலைகளுக்கு இதை நம்ப வேண்டாம்.' அந்த வாக்கியம் நான் எழுதியது.

"அந்த ஒரு வரிதான் மேடம் தடை. அதை எடுத்துட்டு ஒண்ணுன்னு போட்டாப் போதும்லா?"

"அப்படிச் சும்மா போட்டுர முடியாதும்மா. ஒண்ணுன்னு போட்டா, நம்பிப் பயன்படுத்துங்கன்னு நாங்க வாக்குக் குடுத்த மாதிரி. குறைப்பட்டியல்ல இன்னும் பதினாலு கிடக்கு."

"பதினாலுதானே. மூணு மாசம் இருக்கே."

சாயா குடித்துக்கொண்டே போன வருடக் கதையைச் சொன்னாள். இவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தார்களாம். "அவளுக்குக் கை வலி மேடம். நான் ஒரு பக்கம் சொன்னா அவ நாலு வரி எழுதுவா. 'எழுதிட்டேன்க்கா'ம்பா. பேனாச் சத்தம் எனக்குக் கேக்காதா?" சிரித்தாள். இரண்டு தாளில் தேறவில்லை.

பதினாலு குறை, பன்னிரண்டு வாரம். வாரத்துக்கு ஒன்றேகால். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 4

மோட்டார் ஓடவில்லை. இரண்டு குடம் தண்ணீரில் நாள் போனது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாலை நாலு மணிக்கு வீடியோவில் குழுக்கூட்டம். ஏழு பேரில் நான்கு பேர் வந்தோம். இசக்கியின் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் உற்சாகமாகிவிட்டார்கள். அக்டோபர் வரை புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, இருக்கிற குறைகளை மட்டும் தீர்ப்பது என்று தீர்மானம். நானே முன்மொழிந்தேன்.

கூட்டம் முடிகிற நேரத்தில் நவநீதன், "ஒரே ஒரு விஷயம்க்கா" என்றான். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். எங்களில் கெட்டிக்காரன் அவன்தான். "இப்ப இருக்கிற குரல் தகரத்தை உரசுற மாதிரி இருக்கு. நான் ஒரு புதுக் குரல் செஞ்சு வச்சிருக்கேன். கேட்டா அசந்துடுவீங்க."

"புதுசா எதுவும் வேண்டாம்னு இப்பத்தானே பேசினோம்?"

"இது புதுசு இல்லக்கா. பழசுக்குப் பதில்."

யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு நியாயம்தான். மறுத்தால் முகம் வாடிவிடும். போன வருடம் ஒரு பையனிடம் 'பிறகு பார்க்கலாம்' என்றேன், அதோடு அவன் வரவேயில்லை. சரி என்றேன்.

பட்டியலில் இன்று 11.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பட்டியலில் 19.

மூன்றைத் தீர்த்தோம். பதினொன்றில் மூன்று போனால் எட்டு. பத்தொன்பது எங்கிருந்து வந்தது? இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்த வாரம் யார் என்ன செய்தார்கள் என்று எழுதிப் பார்க்கிறேன். நவநீதன்: புதுக் குரலுக்கு ஏற்றபடி பழைய பகுதிகளை மாற்றினான், அதில் நான்கு புதிய குறைகள். இன்னொருவர்: புதுச் சின்னம் வரைந்து அனுப்பினார், காதுக்குள் ஒரு மயில். மற்றொருவர்: 'நிலையான' என்ற சொல் சரியா, 'நிலைத்த' என்பதா என்று நீண்ட கடிதம். அதற்குப் பதினேழு பதில்கள். அவற்றில் ஐந்து என்னுடையவை.

ஆறாம் எண் குறையை யாரும் தொடுவதில்லை. ஒரு சொல் வரியின் முடிவில் உடைந்து அடுத்த வரிக்குப் போனால், சில சமயம் அந்த மிச்சத்தை நிரல் விழுங்கிவிடுகிறது. சலிப்பான வேலை. வரி வரியாகக் கேட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். போதாததற்கு அது அண்ணாச்சி எழுதிய பகுதி.

அவர் எண் என்னிடம் இருக்கிறது. இன்று கூப்பிட்டிருப்பேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குவார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பாலிடெக்னிக்கில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணினி ஒதுக்கும் வேலை. நாற்பது கணினி, அறுபத்திரண்டு பேர். மத்தியானம் இசக்கி கூப்பிட்டாள். மாதிரி வினாத்தாளைச் செவிவழியில் வாசிக்க வைத்து, நேரம் குறித்து எழுதிப் பார்த்திருக்கிறாள்.

"மேடம், ஒரு வேடிக்கை. அஞ்சு கேள்வி கூடுதலா எழுதிட்டேன். கூட்டாளி பாத்துட்டு, 'இந்தப் பகுதிக்கு விடை எழுதத் தேவையில்லைன்னு போட்டிருக்கே, ஏன் எழுதுன?'ங்கா. எனக்கு 'விடை எழுதத் தேவை'ன்னுதான் வாசிச்சுது."

ஆறாம் எண்.

அவளே, "மாதிரித் தேர்வுதானே மேடம்" என்று என்னைத் தேற்றினாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆறாம் எண்ணில் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குச் சரியாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் எண்களைத் தலைகீழாக வாசிக்கிறது. அதைச் சரிசெய்தால் ஆறாம் எண் திரும்ப வந்து நிற்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றது ஏன் உடைகிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.

அந்தப் பகுதியின் தலைப்பில் அண்ணாச்சி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: 'இங்கே கை வைப்பவர் முதலில் என்னைக் கூப்பிடவும். சபா.' கீழே வீட்டு போன் நம்பர்.

மாலையில் இசக்கியிடம் பேசும்போது பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன்.

"அப்ப அவரையே கேக்கலாமே மேடம்?"

"அவர் ரொம்ப பிஸிம்மா."

"நம்பர் அதுல இருக்குன்னிய?"

"இருக்கு."

செப்டம்பர் 14, ஞாயிறு

நவநீதனுக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு நேரம் ஒதுக்க முடியாதாம். 'மன்னிச்சிடுங்கக்கா' என்று ஒரு செய்தி, கைகூப்பும் படம். அவனைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவனுக்குச் சம்பளம் தரவில்லை. ஆனால் புதுக் குரல் பாதியில் நிற்கிறது. பழைய குரலை எடுத்தாகிவிட்டது, புதியது 'ழ'வைச் சொல்ல மாட்டேன் என்கிறது. அவன் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். அவனுக்கு மட்டும் புரிகிற மாதிரி இருக்கிறது.

பட்டியல் 22.

செப்டம்பர் 15

'தமில்' என்று வாசிக்கிறது. நாள் முழுவதும் 'தமில், தமில்.'

செப்டம்பர் 28, ஞாயிறு

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஏன் நீயே கிடந்து மல்லுக்கட்டுதே? சபாபதி அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அவருக்கு உடம்பு சரியில்ல. தொந்தரவு பண்ண வேண்டாம்னு பாக்கேன்."

"யாருக்கு? நேத்து மார்க்கெட்ல முருங்கைக்காயை முறிச்சுப் பாத்து வாங்கிட்டு நின்னாரு. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சாம். 'ஹெப்சி நல்லா இருக்காளா'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

"நல்லா இருக்கான்னேன். வேற என்ன சொல்ல?"

குழம்பில் உப்புக் கூடிவிட்டது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நவநீதனின் குரலை முழுக்க எடுத்துவிட்டுப் பழையதைத் திரும்ப வைத்தேன். ஒரே மாலையில் பட்டியல் 22-இலிருந்து 10 ஆனது. பயங்கர சந்தோஷம். அந்த உற்சாகத்தில் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பட்டன்கள் வரிசையில் இல்லாமல் கிடந்தன, நிறமும் கண்ணை உறுத்தியது. ஆறு மணி நேரம் உட்கார்ந்து மாற்றிவிட்டேன். அழகாக இருக்கிறது.

இசக்கியிடம் சொன்னேன். "எங்களுக்கு எதுக்கு மேடம் நிறம்?" என்றாள்.

கொஞ்சம் பார்வை உள்ளவர்களும் பயன்படுத்துகிறார்கள் அல்லவா என்று விளக்கினேன். அது உண்மைதான்.

ஆறாம் எண்ணை இந்த வாரம் தொட நேரம் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மடிக்கணினியில் வேறு எதையோ தேடும்போது மதுரைக் கூட்டத்தின் படம் கிடைத்தது. மூன்று வருடத்துக்கு முன் எடுத்தது. செவிவழி பயனர்கள் அறுபது பேர், பெரும்பாலோர் பார்வையற்றவர்கள். மேடையில் அண்ணாச்சி மைக்கைப் பிடித்திருக்கிறார். வரும் பொங்கலுக்கு 1.0 வெளியிடுகிறோம் என்று அப்போதுதான் அறிவித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழுந்து மறுத்துப் பேச வேண்டியதாயிற்று. நான் சொன்னது தொழில்நுட்ப ரீதியில் சரியான கருத்துதான். சொன்ன விதம் கொஞ்சம் அப்படி இப்படி இருந்திருக்கலாம். மறுவாரம் அவர் குழுவிலிருந்து விலகினார்.

படத்தை அழிக்கவில்லை. வேறு கோப்புறையில் போட்டு வைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. வெடிச்சத்தத்தில் செவிவழி என்ன வாசிக்கிறது என்றே கேட்கவில்லை. நிம்மதியாக மூடி வைத்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பட்டியல் 5! மழை ஆரம்பித்துவிட்டது. ஆறாம் எண்ணுக்கு ஒரு ஒட்டு போட்டிருக்கிறேன். உடைந்த சொல் வந்தால் இரண்டு வரியையும் சேர்த்து இரண்டு தடவை வாசிக்கும். அசிங்கமான ஒட்டு, ஆனால் எதையும் விழுங்காது. இசக்கியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை உறுதியா மேடம்?"

"கண்டிப்பா."

"நான் முதல்வர்ட்ட சொல்லிரட்டா?"

"சொல்லிரும்மா."

அவள் உடனே போனை வைக்கவில்லை. ஏதோ சொல்ல நினைத்த மாதிரி இருந்தது. "சரி மேடம்" என்றாள்.

அக்டோபர் 31, வெள்ளி

லீவு போட்டேன். ஒன்பது மணிக்கு எல்லாம் தயார். பக்கத்தில் அந்த வரியை நீக்கி 1.0 என்று எழுதி, வெளியிடும் பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பதேகாலுக்கு மின்சாரம் போனது. மடிக்கணினி பேட்டரிக்கு மாறியது. செவிவழியின் குரல் நின்றுவிட்டது. திரும்ப இயக்கினால் பேசுகிறது. மறுபடி மின்சாரம் வந்து போனபோது நிற்கவில்லை. மூன்றாம் தடவை நின்றது.

தேர்வு நடக்கும்போது இப்படி நின்றால்? யார் பொறுப்பு? எல்லோரும் யாரைக் கேட்பார்கள்?

பதினொரு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு இசக்கிக்கு எழுதினேன்: ஒரு புதிய குறை வந்திருக்கிறது, ஒரே ஒரு வாரம் அவகாசம் கேட்டுப் பார், நானும் முதல்வருக்குக் கடிதம் தருகிறேன்.

பதில் வந்தது. 'சரி மேடம்.'

அந்த வரியைத் திரும்பப் போட்டேன். போட்டதும் மனசு லேசானது. ஏன் லேசாக வேண்டும் என்று தெரியவில்லை.

நவம்பர் 1, சனி

காலையில் இசக்கி கூப்பிட்டாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். கோவப்படாதிய. கல்லூரியில அனுமதி குடுத்துட்டாவ."

"எப்படிம்மா? நாம இன்னும் வெளியிடலையே."

"நீங்க வெளியிடல. சபாபதி சார் வெளியிட்டாரு. நேத்து மத்தியானம்."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே பிடிபடாது. செப்டம்பரில் அந்தக் குறிப்பைப் பற்றி நான் சொன்ன மறுநாளே அவள் அண்ணாச்சியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் எங்கள் மூன்று வருடத்து வேலையை ஒதுக்கிவிட்டு, மதுரைக் கூட்டம் நடந்தபோது இருந்த பழைய நிரலை எடுத்திருக்கிறார். இரண்டு மாதமாக இவள் கேட்டுக் கேட்டுச் சொல்ல, அவர் திருத்தியிருக்கிறார். பெயர் 'செவி'. பதிப்பு 1.0.

"உங்க மெசேஜ் வாற வரைக்கும் காத்திருந்தோம் மேடம். நீங்க போட்டிருந்தியன்னா நாங்க இதைப் போட்டிருக்கவே மாட்டோம். சார் அப்படித்தான் சொன்னாரு."

"நல்லதும்மா" என்றேன்.

அவர்கள் பக்கத்தைப் பார்த்தேன். முதல் வரி: 'இதில் எட்டுக் குறைகள் உள்ளன.' எட்டும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தால் சமாளிக்கலாம் என்ற குறிப்போடு. நாலாவது: 'மின்சாரம் போனால் குரல் நிற்கலாம். கன்ட்ரோல் விசையோடு எஃப்-ஐந்தை அழுத்தினால் திரும்ப வரும்.' வரி உடைந்து சொல் விழுங்கப்படும் குறை அந்த எட்டில் இல்லை.

வெளியிட்டது தப்பு இல்லை. யாரும் எடுத்து வெளியிடலாம் என்று எழுதி வைத்ததே நான்தான். அப்படியிருக்க, என் வீட்டுக்குள் ஆள் நுழைந்து சாமான்களை எடுத்துப் போன மாதிரி ஏன் தோன்றுகிறது?

நவம்பர் 2, ஞாயிறு

பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

நவம்பர் 3, திங்கள்

வேலை முடிந்ததும் மகாராஜநகர் போனேன். அண்ணாச்சி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மிதியடியில் காலைத் துடைப்பதற்குள், "வா ஹெப்சி" என்றார். என் செருப்புச் சத்தம் இன்னும் அவருக்கு நினைவிருக்கிறது.

போகும்போது சண்டை போடுவதாகத்தான் நினைத்துப் போனேன்.

"என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"நீ மூணு வருஷமா ஒரு வார்த்தை பேசலையே. நான் எதுல சொல்ல?"

ஆறாம் எண்ணைப் பற்றிக் கேட்டேன். அவர் பகுதியில் இருந்த அந்தக் குறையை எப்படித் தீர்த்தார் என்றேன்.

"நான் எங்க தீர்த்தேன்? பழைய நிரல்ல அது இல்லவே இல்ல. நான் போன பிறகு யாரோ அந்தப் பகுதியைத் திருத்தி அழகு பண்ணியிருக்காங்க. அதுல வந்தது." என் பக்கம் திரும்பி, "யார் எப்ப மாத்துனாங்கன்னு நிரல்லயே பதிவாகியிருக்கும். போய்ப் பாரு" என்றார்.

அங்கேயே போனில் பார்த்தேன். தேதி, பெயர் எல்லாம் இருந்தது. மதுரைக் கூட்டம் முடிந்து நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை.

"நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"மதுரையில நான் பேசுனது..."

"என்ன பேசுன?"

அவருக்கு மறந்திருக்காது. சொல்ல வைக்கிறார் என்று புரிந்தது. சொன்னேன். "அண்ணாச்சிக்குத் திரையில என்ன நடக்குதுன்னு தெரியாது, கண்ணு உள்ளவங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னேன்."

"அறுபது பேரு முன்னால."

"ஆமா."

"அதுல அம்பது பேருக்குக் கண்ணு தெரியாது."

"ஆமா அண்ணாச்சி."

மன்னிப்புக் கேட்டேன். அவர் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய் இரண்டு தம்ளரில் காப்பி கொண்டு வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"நீ தப்பைக் கண்டு பயப்படல தாயி. தப்பு உன் பேருல வந்துருமேன்னு பயப்படுத. 0.9-ன்னு போட்டிருக்க வரைக்கும் யாரும் உன்னை ஒண்ணும் கேக்க முடியாதுல்லா?"

அது அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காப்பி சூடாக இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

அண்ணாச்சி சொன்னது நியாயமா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். நவநீதன் பாதியில் போனது என் பயமா? காதுக்குள் மயில் என் பயமா? 'நிலைத்த'வா 'நிலையான'வா என்று பதினேழு கடிதம் என் பயமா? ஆனால் அந்தப் பதினேழில் ஐந்து நான் எழுதியது. எல்லோருக்கும் சரி என்று சொன்னதும் நான்தான். ஒன்றை விட்டால் இன்னொன்று கையில் வருகிறது.

அவர்கள் பட்டியலில் நாலாவது குறை, மின்சாரம் போனால் குரல் நிற்பது, அதற்குத் தீர்வு கண்டுபிடித்துவிட்டேன். நாலே வரி. அண்ணாச்சிக்கு அனுப்பினேன். இசக்கிக்கு உதவுமே என்றுதான்.

மாலையில் பதில்: 'வந்தது. நல்லா இருக்கு. 1.0 மூடியாச்சு. தேர்வுக்கு முன்னால எதையும் தொடப்போறதில்ல. 1.1-க்கு எடுத்து வச்சிருக்கேன். சபா.'

முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. சரியான தீர்வு, நாலே வரி, அதையும் வேண்டாம் என்கிறார். கோபத்தோடு மூன்று தடவை வாசித்தேன். மூன்றாம் தடவையில், இப்படி ஒரு கடிதத்தை ஏழு வருடத்தில் நான் ஒருவருக்கும் எழுதியதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நவம்பர் 17, திங்கள்

கல்லூரி முதல்வர் அண்ணாச்சியையும் என்னையும் வரச் சொல்லியிருந்தார். அறைக்குள் போகக் கூடாது. வெளியே வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இசக்கி மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நல்ல மழை.

பதினொன்று இருபதுக்கு மின்சாரம் போனது.

எழுந்துவிட்டேன். அண்ணாச்சி என் புடவைத் தலைப்பைப் பிடித்து, "உக்காரு" என்றார்.

"நின்னுருக்கும் அண்ணாச்சி."

"நின்னுருக்கும். அவளுக்குத் தெரியும்."

ஜன்னலில் பார்த்தேன். இசக்கி விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். கொஞ்சம் தலையைச் சாய்த்தாள். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். பிறகு எழுதத் தொடங்கினாள். மொத்தம் பத்து வினாடி இருக்கும்.

அண்ணாச்சி என் புடவைத் தலைப்பை அப்போதும் விடவில்லை. அதைப் பார்த்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு மணிக்கு வெளியே வந்தாள். எப்படி இருந்தது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"ரெண்டு தடவை நின்னுச்சு. எழுப்பி விட்டேன். ஒரு கேள்வியை நானே தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், அது செவி மேல தப்பு இல்ல." பிறகு, "நாலாவது கேள்விக்கு ரெண்டரைப் பக்கம் எழுதுனேன் மேடம். ரெண்டரைப் பக்கமும் அதுல இருக்கு" என்றாள்.

நவம்பர் 23, ஞாயிறு

அண்ணாச்சியிடம் என்ன வேலை செய்யட்டும் என்று கேட்டேன். ஒரு நல்ல பகுதியாகத் தருவார் என்று எதிர்பார்த்தேன்.

"நிரல் எழுத ஆள் இருக்கு. போன் எடுக்கத்தான் ஆள் இல்ல. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் வாற போன் உனக்கு."

நவநீதன் செவிவழிக் குழுவில் திரும்பி வந்திருக்கிறான். புதிதாக ஒரு யோசனை வைத்திருக்கிறானாம். 'பிறகு பார்க்கலாம்' என்று எழுதினேன். அனுப்பிவிட்டு அரை மணி நேரம் நிலைகொள்ளவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

இசக்கி எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள். கல்வி உளவியலில் மட்டும் விளிம்பில் தப்பியிருக்கிறாள். உளவியல் தனக்கு எப்போதுமே புரிந்ததில்லை என்கிறாள்.

மாலையில் மூன்று போன்கள். இரண்டு சாதாரணமானவை. மூன்றாவது சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர், தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாம். அவர் மனைவிக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. நன்றாகப் படித்தவள், ஆறு மாதமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்றார். மகன் கணினியில் செவியை இறக்கித் தந்திருக்கிறான்.

"அவ தினமும் பேப்பர் கேக்கா மேடம். இன்னைக்குத்தான் வாய் திறந்து சிரிச்சா. இது பாதியில கெட்டுப்போச்சுன்னா அவ தாங்க மாட்டா. அதான் கேக்கேன். இது கெட்டுப்போவுமா?"

கெட்டுப்போகாது என்று சொல்ல முடியாது. எட்டுக் குறை இருக்கிறது. ஒன்பதாவதாக ஒன்று எங்காவது இருக்கும், அது எங்கே என்று எங்களுக்கும் தெரியாது. இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே அடுத்ததைக் கேட்டார்.

"கெட்டுப்போச்சுன்னா யாரைக் கூப்பிடணும்?"

"என்னைக் கூப்பிடுங்க" என்றேன்.

"உங்க பேரு?"

சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. ஹெப்சிபா, ஹெப்... சி... பா என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பிறகு வீட்டு போன் நம்பரையும் சொன்னேன். எழுதிக்கொண்டு, திரும்ப ஒரு தடவை வாசித்துக் காட்டினார். சரியாக இருந்தது.